சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு மாத்தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் நல்லவன் இல்லை. படித்து முடித்ததும் 'இந்த ஆளை நாலு சாத்து சாத்தினால் என்ன' என்று உங்களுக்குத் தோன்றினால் எனக்கு வருத்தம் கிடையாது. எனக்கே தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

என் பெயர் குணசேகரன். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு தனியார் கல்லூரியில், பொருளாதாரத் துறையில், தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றதும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினொரு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தம் முடியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டுமாம். அதனால் நாற்பத்திரண்டு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பைக் கேளுங்கள்: 'டெல்டா மாவட்டக் கல்லூரி மாணவர்கள் டிஜிட்டல் கற்றல் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வதில் தாக்கம் செலுத்தும் காரணிகள்.' ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்தத் தலைப்பு என் மூளையில் உதித்தது அல்ல. கொரோனாவுக்குப் பிறகு நிர்வாகம் ஒரு ஆப் வாங்கியது. சனிக்கிழமை கல்லூரி கிடையாது, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஆப்பில் வகுப்பு. மாணவர்கள் அவரவர் வீட்டில் போனைத் திறந்து உட்கார வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை அது தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். குரலைப் பதிவு செய்யாது, முகத்தை மட்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாவிட்டால் அந்தத் தாளைத் தேர்வில் எழுத முடியாது. மாணவர்கள் இதை விரும்புகிறார்களா என்று யாராவது ஆராய்ந்து 'விரும்புகிறார்கள்' என்று எழுதித் தந்தால் நிர்வாகத்துக்கு நல்லது, எழுதித் தருகிறவனுக்கும் நல்லது. எனக்குப் புரிந்தது, தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன்.

நாற்பது கேள்விகள் அடித்துக் கொடுத்தேன். 'இந்தத் தொழில்நுட்பம் எனக்குப் பயன்படுகிறது', 'இதைக் கையாள்வது எளிது', 'என்னைச் சுற்றியுள்ளவர்கள் இதைப் பயன்படுத்த ஊக்குவிக்கிறார்கள்' என்று வரிசையாக இருக்கும். எதிரே ஐந்து கட்டங்கள். அறுபத்தோரு பேரும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக நேர்கோடு போட்ட மாதிரி டிக் அடித்துவிட்டு, "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஓடிவிட்டார்கள். ஒருவன் தன் பெயர் எழுதும் இடத்தில்கூட டிக் அடித்திருந்தான். இதை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினால் என் வழிகாட்டி என் முகத்தில் வீசுவார். ஆகவே ஆப் சொல்லும் வருகைக் கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள், எத்தனை முறை வெளியேறினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கணக்கில் வகுப்பிலேயே முதலிடம் மூன்றாம் ஆண்டு வானதிக்கு.

வானதி பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அப்பா கேரளாவில் கட்டட வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா ராஜாத்தி நடவு வேலைக்குப் போகிறவர். வகுப்பில் வானதி அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒருமுறை நான் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டு முடித்தபோது, "சார், மூணாவது வரியில இருந்தே தப்பு. அழிச்சிட்டு வாங்க, காத்திருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரியாகத்தான் சொன்னாள் என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

புரட்டாசி மாதம், முதல் சனிக்கிழமை. பத்து மணிக்கு வகுப்பைத் திறந்தேன். என் திரையில் சின்னச் சின்னக் கட்டமாக மாணவர்கள் தெரிவார்கள். தெரிவார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பாதிக் கட்டங்களில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். போனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலவற்றில் சட்டைப்பை இருட்டு. அன்றைக்கு வானதியின் கட்டத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் திருநீறு இட்டு, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போது உட்காருவார்களே, அப்படி நேராக உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா நீங்க?" என்றேன்.

அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். இப்போது கட்டத்தில் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்தது. "வணக்கங்க சார். வானதி அம்மாங்க."

"உக்காருங்க, உக்காருங்க. வானதி எங்க?"

உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "நடவுக்குப் போயிருக்காங்க சார். எனக்குக் கர்ப்பப்பையில ஆபரேசன் பண்ணிருக்கு. மூணு மாசத்துக்குக் குனியக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. எங்க செட்டுல என் இடம் போயிடும்னு மத்த நாளு என் தங்கச்சியும், சனிக்கிழமை வானதியும் எனக்கு மாத்தாளா எறங்குறாங்க. அதான் இங்க அவளுக்கு நான் மாத்தாளா உக்காந்திருக்கேன். உக்காரலாங்களா சார்?"

இது புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நடவு வேலையைப் பதினைந்து, இருபது பெண்கள் சேர்ந்த செட்டு ஒன்று மொத்தமாக ஏற்றுக்கொள்ளும். மெஷின் நடவு வந்த பிறகு கைநடவுக்குத் தேவை குறைந்துவிட்டது. செட்டில் ஓர் இடம் காலியானால் பிடித்துக்கொள்ளப் பத்துப் பேர் வரப்பில் நிற்கிறார்கள். ஒருத்தியால் வர முடியாவிட்டால் தன் இடத்துக்கு ஆள் அனுப்பலாம். அந்த ஆள்தான் மாத்தாள். செட்டை நடத்தும் பெண் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "சரி, எறங்கு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். மாத்தாள் வேலையில் சுணங்கினால் அனுப்பியவளுக்குத்தான் மானக்கேடு. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த அம்மாளுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு வேலைக்கு ஆள் மாறுவது இப்படித்தான். அதனால்தான் மறைக்காமல், கேமராவுக்கு முன்னால் வந்து என்னிடம் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா, இது முகத்தைப் பார்க்கிற ஆப், இப்படி உட்காரக் கூடாது, வானதிக்கு விடுப்பு போடுகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அனுமதியோடு விடுப்பு என்று ஒரு பொத்தானே இருக்கிறது. அழுத்தினால் எழுபத்தைந்து கணக்கிலிருந்து அந்த நாளையே கழித்துவிடும். ஆனால் விடுப்புப் போட்டால் என் அட்டவணையில் முதல் மாணவியின் நிமிடங்கள் இறங்கிவிடும். அந்த வாரம்தான் வழிகாட்டிக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தேன், 'மாதிரி மாணவி' என்று அவளைக் காட்டி. பெயர் போடவில்லை, எண் போட்டிருந்தேன். அந்தக் கோடு கீழே இறங்குவதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

"சரி, உக்காருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன், பாவி. "கேமராவை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்கம்மா."

"பண்ண மாட்டேன் சார்" என்றார்.

பண்ணவில்லை. அந்தச் சனிக்கிழமையும், அடுத்தடுத்த சனிக்கிழமைகளும், மொத்தம் ஆறு வாரம் உட்கார்ந்தார். நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள்கூட நடுவில் எழுந்து போகவில்லை. பால்காரர் கூப்பிட்டார், கையை மட்டும் ஆட்டி அப்புறம் வரச் சொன்னார். மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவராம். புள்ளியியலில் இடைநிலை, முகடு, திட்டவிலக்கம் என்று நான் அடித்து விடுவதையெல்லாம் காதில் விழுந்த மாதிரி எழுதி, நான் எதையாவது இரண்டு முறை சொன்னால் அதைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பாராம். சாயங்காலம் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து வானதி அதை வைத்துப் படிப்பாளாம். அகமதிப்பீட்டுத் தேர்வில் வானதி ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு. நேரில் உட்கார்ந்து எழுதிய தேர்வு, காப்பி அடிக்க வழியில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எப்படி எடுத்திருக்கிறேன் பார்த்தாயா பாடம், என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி கடைசியில் குட்டு வெளிப்பட்டது. ஆப் கம்பெனிக்காரர்கள் ஆண்டு அறிக்கைக்காக எல்லாப் படங்களையும் கணினியில் போட்டுச் சரிபார்த்தார்களாம். எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேருக்கு 'முகம் தெரியவில்லை' என்று வந்தது. மின்விசிறிக்காரர்கள். ஒரே ஒருத்திக்கு 'வேறு முகம்' என்று வந்தது. விதிப்படி முகம் தெரியாவிட்டால் அது கவனக்குறைவு, ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும். வேறு முகம் தெரிந்தால் அது ஆள்மாறாட்டம். அந்த ஆறு வாரமும் ரத்து, தேர்வு எழுத முடியாது, அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி உட்கார வேண்டும். விசிறியைக் காட்டியவன் எல்லாம் தப்பித்தான். நேராக உட்கார்ந்து முகத்தைக் காட்டிய அம்மாள் மாட்டிக்கொண்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது சொல்லுங்கள்.

புதன்கிழமை விசாரணை. முதல்வர் அனுராதா மேடம் நடுவில், பக்கத்தில் துறைத்தலைவர், ஓரத்தில் நான். எதிரே ராஜாத்தியும் வானதியும். அந்த அம்மாளை அன்றுதான் முழுசாக நேரில் பார்த்தேன். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. 'அப்பாடா, சார் இருக்கார்' என்ற தெளிவு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மேடம் படங்களை வரிசையாக மேசையில் வைத்தார். "இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"உங்க மகளுக்குப் பதிலா நீங்க உக்காந்திருக்கீங்க. இது தப்புன்னு தெரியாதா?"

"தப்பா?" என்று ராஜாத்தி வானதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒருநாள்கூட எந்திரிக்கலைங்க. ரெண்டு மணி நேரமும் உக்காந்தேன். இந்தா நோட்டு இருக்கு, வேணும்னா பாத்துக்குங்க." மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

மேடம் புரட்டிப் பார்த்தார். நான் சொன்னதெல்லாம் கோணல்மாணலான கையெழுத்தில் அதில் இருந்தது. துறைத்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஆதாரத்தை அவங்களே கொண்டுவந்துட்டாங்க" என்றார். பெரிய நகைச்சுவை சொல்லிவிட்ட மாதிரி சிரிப்பு வேறு. எழுந்து அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல வந்தது. வந்தது, அவ்வளவுதான். நான் என் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உங்களை யார் உக்காரச் சொன்னது?" என்றார் மேடம்.

ராஜாத்தி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில விநாடிகள்தான் இருக்கும். அதற்குள் அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் உக்காந்தேன்" என்றார்.

"அம்மா!" என்றாள் வானதி. "எதுக்குப் பொய் சொல்ற? சாரைக் கேட்டுட்டுத்தானே உக்காந்தே. அன்னைக்கு சாயங்காலமே என்கிட்ட சொன்னியே." மேடம் பக்கம் திரும்பினாள். "மேடம், சார்தான் சரி உக்காருங்கன்னு சொன்னாரு. கேமராவை ஆஃப் பண்ணாதீங்கன்னும் சொன்னாரு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்படியா குணசேகரன்? நீங்க பர்மிஷன் குடுத்தீங்களா?"

ஒரு வார்த்தை போதும். ஆசிரியர் அனுமதித்தார் என்றால் ஆள்மாறாட்டம் இல்லை, அந்தப் பெண் தேர்வு எழுதலாம். விதியிலேயே இருக்கிறது, நான் முந்தின நாளே எடுத்துப் படித்துவிட்டேன். ஆனால் நான் சொன்னால் ஜூன் மாதம் அந்த வாசலில் நின்று பிரயோஜனம் இல்லை. ஆராய்ச்சியில் இருக்கும் கணக்கு முழுவதும் பொய் என்றாகிவிடும். மூன்று வருட வேலை குப்பைக்குப் போகும். பதினொரு வருடம் அடங்கி ஒடுங்கி நின்றதெல்லாம் போகும். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது.

"அப்படி எதுவும் ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

வானதி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. மேடம் விடவில்லை, நியாயமாகத்தான் நடந்துகொண்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்புப் பிரதிநிதி வெற்றிசெல்வனைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ வகுப்புல இருந்தியா?"

"இருந்தேன் மேடம்."

"சார் இந்த அம்மாகிட்ட பேசினதைக் கேட்டியா?"

அவன் காலை மாற்றி மாற்றி நின்றான். "போனு பாக்கெட்ல இருந்துச்சு மேடம். நான் பைக்ல உர மூட்டை ஏத்திக்கிட்டுப் போயிட்டிருந்தேன்."

இன்னும் நான்கு பேரைக் கேட்டார்கள். ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாளாம். ஒருவன் தூங்கியிருக்கிறான். என் வகுப்பில் அறுபத்தோரு பேர் இருந்தார்கள் என்று ஆப் சொல்கிறது. நான் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது கேள்வி அடித்துக் கொடுத்தேனே, அதில் ஒன்றாவது 'சனிக்கிழமை பத்து மணிக்கு நீ எங்கே இருப்பாய்' என்று கேட்டதா? கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று பயம்தான், வேறென்ன.

ராஜாத்தி மெதுவாகச் சொன்னார். "சாருக்கு ஞாபகம் இருக்காதுங்க. எத்தனை புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறாரு. விடும்மா வானதி." பிறகு மேடத்திடம் கைகூப்பினார். "புள்ள மேல தப்பு இல்லைங்க. எனக்காகத்தான் அவ சேத்துல எறங்குனா. தண்டனை எதுனா எனக்குக் குடுத்துடுங்க."

அம்மாவுக்குத் தண்டனை கொடுக்க விதியில் இடமில்லை. வாக்குமூலம் என்று ஒரு தாளில் எழுதி, ராஜாத்தியிடம் கையெழுத்து வாங்கினார்கள். முதலில் தப்பான இடத்தில் போட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்று சரியான இடத்தில் மறுபடி போட்டார். தேர்வுக்கான ஹால் டிக்கெட் பட்டியல் திங்கட்கிழமை மாலை பல்கலைக்கழகத்துக்குப் போகும், அதில் வானதி பெயர் இருக்காது என்றார் மேடம். வெளியே வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது ராஜாத்தி நின்று, "வர்றோங்க சார்" என்றார். வானதி நிற்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். என் மனைவி ஈஸ்வரி, "உங்களுக்கு யாரு மேல கோவமோ அவங்ககிட்ட போய்க் கத்துங்க" என்றாள். அந்த ஆள் வீட்டிலேயேதான் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்துதான் சொன்னாளோ என்னவோ.

சனிக்கிழமை பத்து மணி. வகுப்பைத் திறந்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. விசாரணைக்குப் பிறகு பயந்துபோய் எல்லோரும் முகத்தைக் காட்டினார்கள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அறுபது முகங்கள். அறுபத்தொன்றாவதாக வானதியும் வந்தாள். அவள் பெயரை ஆப்பிலிருந்து எடுக்க அலுவலகம் இன்னும் கம்பெனிக்கு எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. நடவெல்லாம் முடிந்துவிட்டது, அவளே உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுவரோரமாக ராஜாத்தி தெரிந்தார், பாயில் சாய்ந்தபடி.

பாடம் எடுத்தேன். உடன்தொடர்பு என்ற தலைப்பு. எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் என் கண் கடைசியில் அவளிடம்தான் போய் நின்றது. அவள் எழுதவில்லை, குனியவில்லை, இமைக்கிறாளா என்றே சந்தேகமாக இருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தால் போதும் என்று பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றேன்.

"எனக்கு இருக்கு சார்" என்றாள் வானதி.

"சொல்லும்மா."

"புதன்கிழமை ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே. இப்ப வந்துச்சா சார்?"

அறுபது முகங்களும் நிமிர்ந்தன. அவள் கட்டத்தின் மேல் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஆளை வெளியேற்றிவிடலாம். தேர்வு எழுதத் தகுதியில்லாத மாணவி, வெளியேற்றினால் யாரும் என்னைக் கேட்க முடியாது. என் விரல் அதன் மேலேயே போய் நின்றது, பொய் சொல்ல மாட்டேன்.

பின்னாலிருந்து ராஜாத்தி, "ஏய், விடுடி. சாருக்கும் குடும்பம் இருக்கு" என்றார்.

"நீ சும்மா இரும்மா" என்றாள் வானதி, என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல். "சொல்லுங்க சார்."

'சாருக்கும் குடும்பம் இருக்கு.' நான் வெளியே சொல்ல வெட்கப்பட்ட சாக்கை அந்த அம்மாள் எனக்காகச் சொல்லிவிட்டார், வயிற்றில் தையலோடு, மகளின் ஒரு வருடத்தை எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு. விரலை எடுத்தேன்.

"இப்ப வரலம்மா" என்றேன். "அன்னைக்கே இருந்துச்சு. உங்க அம்மா கேட்டாங்க. நான்தான் உக்காரச் சொன்னேன்."

அழுவாள், இல்லாவிட்டால் நாலு வார்த்தை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. "அப்ப அதை எழுதிக் குடுங்க சார். திங்கக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் போயிடும்."

"திங்கக்கிழமை காலையில மேடத்தைப் பார்த்து நானே சொல்றேன்மா."

"இப்பவே எழுதுங்க சார். எழுதி இங்கேயே வாசிங்க. இன்னைக்கு எல்லாருமே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாள் எடுத்தேன். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதில் எழுதினேன். ஒருவரும் வகுப்பை விட்டுப் போகவில்லை. எழுதி முடித்து, தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு. மூன்றாம் ஆண்டு மாணவி வானதியின் தாயார் திருமதி ராஜாத்தி அவர்கள், தன் மகளுக்குப் பதிலாக இணையவழி வகுப்பில் அமர என்னிடம் அனுமதி கேட்டார். விதியை அறியாமல் நான் அனுமதித்தேன். புதன்கிழமை விசாரணையில் இதை மறைத்துவிட்டேன்."

"அறியாமலா சார்?" என்றாள் வானதி.

நான் தாளைக் கீழே இறக்கினேன்.

"விதி உங்களுக்குத் தெரியும்ல சார். எங்களுக்கு முதல் வாரம் வாசிச்சுக் காட்டினதே நீங்கதானே."

பேனாவை எடுத்தேன். 'அறியாமல்' என்பதை அடித்தேன். மேலே 'அறிந்தே' என்று எழுதினேன். அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.